காஜா எடுப்பவரின் 930 ரூபாய்: மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், துணை மேயர், 200 வார்டுகளின் உறுப்பினர்கள் அனைவருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வணக்கம்.

நான் கணக்கு எழுதுபவன். ஆடிட்டர் இல்லை, ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால் சீட்டுகளை அடுக்கிக் கொடுக்கிற ஆள். எம்.சி. ரோட்டில் இரண்டு துணிக்கடை, தண்டையார்பேட்டையில் ஓர் அரிசிக் கடை, காசிமேட்டில் ஐஸ் விற்பவர் ஒருவர், கொருக்குப்பேட்டையில் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கும் ஒரு பட்டறை என்று பதினெட்டுப் பேருடைய பேரேடுகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சேல்ஸ் டாக்ஸ் காலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். 2007-ல் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. வரி பெயர் மாற்றிக்கொண்டே போகிறது, நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன அரையாண்டுச் சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தபோது, பட்டறையில் காஜா (பொத்தான் துளை) எடுக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். எல்லோரும் அவரைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையில் சம்பளச் சீட்டு.

"அண்ணே, இது இன்னா 930 ரூபா புடிச்சிருக்கீங்க?"

தொழில் வரி என்றேன்.

"தொழில் முதலாளி பண்றாரு. நான் இன்னா தொழில் பண்றேன்?"

சட்டப்படி வேலை பார்ப்பதும் தொழில்தான், சம்பளத்தில் பிடித்து மாநகராட்சிக்குக் கட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு, அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் பலர் பிடிப்பதே இல்லை, இந்த முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறவர் என்றெல்லாம் சொன்னேன். கடைசிக் காரணத்தைக் கேட்டு அவர் சிரித்தார். ஒழுங்கான முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்ததற்கு அபராதம் என்று அவருக்குப் பட்டிருக்கும். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சம்பளம் மாதம் 9,500 ரூபாய். ஆறு மாதத்துக்கு 57,000. அரையாண்டு வருமானம் 45,001 முதல் 60,000 வரை உள்ளவர்களின் ஸ்லாப்பில், அதாவது வருமானப் படியில், வருகிறார். முன்பு இந்த ஸ்லாப்புக்கு 690 ரூபாய். 2024 ஜூலையில் உங்கள் மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி அது 930 ஆனது. அதற்குக் கீழே உள்ள இரண்டு ஸ்லாப்புகளும் ஏறின: 135 ரூபாய் 180 ஆனது, 315 ரூபாய் 430 ஆனது. மேலே இரண்டு ஸ்லாப்புகள் இருக்கின்றன. 60,001 முதல் 75,000 வரை 1,025 ரூபாய், 75,000-க்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் 1,250 ரூபாய். அந்த இரண்டிலும் ஒரு காசு ஏறவில்லை. (1,025-ஐயாவது 1,250 வரை ஏற்றியிருக்கலாமே என்று யாருக்காவது இப்போது தோன்றினால், தயவுசெய்து மறந்துவிடுங்கள். நான் யோசனை கொடுக்க வரவில்லை.)

அதே பட்டறையின் கட்டிங் மாஸ்டருக்கு மாதம் 18,000. அவர் கட்டுவது அரையாண்டுக்கு 1,250. என் அக்கா மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான், மாதம் இரண்டு லட்சம். அவன் கட்டுவதும் 1,250. ஆண்டுக் கணக்கில் நூறு ரூபாய்க்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். காஜா அக்கா நூற்றுக்கு 1 ரூபாய் 63 காசு. கட்டிங் மாஸ்டர் 1 ரூபாய் 16 காசு. என் அக்கா மகன் 10 காசு.

இதை எழுதும்போது எனக்கே சந்தேகம் வந்து இரண்டாம் தடவை கால்குலேட்டரைத் தட்டினேன். அதே விடைதான்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 276-ஆம் பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. சாசனம் எழுதியபோது அந்த உச்சவரம்பு 250 ரூபாய். 1988-ல் அறுபதாவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அப்புறம் யாரும் தொடவில்லை. அதனால் மேல் ஸ்லாப் கூரையில் முட்டி நிற்கிறது. மாநகராட்சிக்குப் பணம் வேண்டும், மேலே கையை நீட்ட முடியாது, எனவே கை கீழே போகிறது. காரணம் புரிகிறது. ஆனால் அந்தக் கூரை காஜா அக்கா போட்டதில்லையே!

இந்தக் கூரையைப் பற்றிப் பேசியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் வரிப்பங்கு சொல்லும் பதினைந்தாவது நிதிக்குழு தன் அறிக்கையில் 2,500 என்பதை 18,000 ஆக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. அப்படி நடந்தால் என் அக்கா மகன் உச்சபட்சமாக 18,000 கட்டுவான். அதுவும் அவனுடைய நூறு ரூபாயில் 75 காசுதான். காஜா அக்காவின் விகிதத்தில் பாதியைக்கூட எட்டாது.

அவனிடம் இதைச் சொன்னேன். சண்டைக்கு வந்துவிட்டான். "மாமா, நான் ஏற்கெனவே மூணு லட்சம் கிட்ட இன்கம் டாக்ஸ் கட்டறேன். என் காசுலதான் எல்லாருக்கும் ஃப்ரீ பஸ், ஃப்ரீ அரிசி. இதுக்கு மேலயும் நானேவா?"

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தேநீர்க் கடையில் கேட்கிறோம், கல்யாணப் பந்தியில் கேட்கிறோம். உங்களில் சிலர் மேடையிலேயே 'வரி செலுத்துவோர்' என்றும் 'பயனாளிகள்' என்றும் இரண்டு சாதிபோலப் பிரித்துப் பேசுகிறீர்கள். வட சென்னைக்காரன் என்றாலே இரண்டாவது சாதி. அதனால் என் அக்கா மகனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆண்டுக்கு 24 லட்சம் சம்பளத்துக்கு வருமான வரியின் புதிய முறையில் அவனுக்கு 2025–26-இல் வருவது 2,92,500 ரூபாய். நானே போட்டுக் கொடுத்த கணக்கு. மாதா மாதம் கைக்கு வரும் முன்பே வெட்டிவிடுகிறார்கள். வலிக்கத்தான் செய்யும். அவனுக்குக் கோபம் வருவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். கோபம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் தகராறு. அவனுடைய சம்பளத்தின் கடைசி ரூபாய்களுக்கு விகிதம் 25 விழுக்காடு. அதே அளவு பணத்தைப் பங்குச் சந்தையில் நீண்டகால லாபமாகச் சம்பாதிக்கிறவருக்கு 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 விழுக்காடு. 2019 செப்டம்பரில் பெரிய நிறுவனங்களுக்கு, சலுகைகளை விட்டுக்கொடுத்தால் போதும் என்று, அடிப்படை வரியை 30-லிருந்து 22 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். சொத்து வரி என்று நாம் வீட்டுக்குக் கட்டுவது வேறு. மொத்தச் செல்வத்தின் மீது ஒன்றிய அரசு வாங்கிய செல்வ வரியை 2015-ல் எடுத்தே விட்டார்கள். இவ்வளவையும் தாண்டி அவன் கண்ணில் படுவது மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறும் காஜா அக்காதான்.

மற்ற பாதி தப்பு. காஜா அக்கா வரி கட்டாதவர் என்று நினைப்பதுதான் அந்தத் தப்பு. ஒருநாள் அவருடைய செலவுகளை அவரோடு உட்கார்ந்து எழுதினேன். 299 ரூபாய் ரீசார்ஜில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. வீட்டு சிலிண்டரில் 5 விழுக்காடு. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பேரனுக்கு பிஸ்கட் எல்லாவற்றிலும் 2025 செப்டம்பர் 21 வரை 18 விழுக்காடு, மறுநாளிலிருந்து 5. அது நல்ல மாற்றம், ஒத்துக்கொள்கிறேன். அரிசிக்கு ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜூலையில் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை 5 விழுக்காடு வரி போட்டார்கள். உடனே சந்தையில் 26 கிலோ மூட்டை பிறந்தது. மொத்தமாக 26 கிலோ வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்குகிறவருக்கு உண்டு. என் அரிசிக் கடைக்காரர் இதை ஒரு மேதையின் கண்டுபிடிப்புபோல விளக்குவார். நான் சிரித்துவிட்டு எழுதிக்கொள்வேன்.

காஜா அக்காவின் மகன் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான். நாளுக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல். 2025 ஏப்ரல் உயர்வில் லிட்டருக்கு ஒன்றிய அரசின் வரி மட்டும் 21 ரூபாய் 90 காசு ஆனது. அந்தக் கணக்கில் மாதம் 26 நாள் ஓட்டினால் ஏறக்குறைய 1,139 ரூபாய். மாநிலத்தின் வாட் தனி. கார் வைத்திருப்பவரும் லிட்டருக்கு அதே வரிதான் கொடுக்கிறார். ஏழைக்குத் தனி பங்க் கிடையாது. அப்புறம் டாஸ்மாக். அந்த வருமானத்தில் எங்கள் தெருக்களின் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டால், 'வரி கட்டாதவர்கள்' என்ற பேச்சு ஒரே நாளில் நின்றுவிடும். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்காக எங்கள் வீடுகள் கொடுக்கும் விலை வேறு கணக்கு.

இங்கே நம் மாநிலமே டெல்லியிடம் பேசும் நியாயம் ஒன்று குறுக்கே வருகிறது. நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்ப வருகிறது என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். மேடையில் நன்றாக எடுபடும் வரி. ஆனால் எனக்கு அது பாதிதான் பிடிக்கும். எந்தப் பாதி என்று சொல்கிறேன். அந்த 21.90-ல் அடிப்படை உற்பத்தி வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது அந்த 1.40-ஐ மட்டும்தான். மீதி எல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வாங்கப்படுவதால் பங்குப் பானைக்குள் வராது. என் அக்கா மகனின் 2,92,500-லும் 11,250 ரூபாய் செஸ்தான். பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 விழுக்காடு என்றது உண்மை, ஆனால் அது பானைக்குள் இருப்பதில் 41. பானைக்கு வெளியே வைத்துக்கொண்டு 'பங்கு கொடுத்துவிட்டோம்' என்பது அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நகையை மாமியார் வீட்டில் வைத்துவிட்டு வந்து உட்காருவதுபோல. இந்தப் பாதி கோபம் நியாயம்.

இன்னொரு பாதிதான் இடிக்கிறது. 'நான் எவ்வளவு கொடுத்தேனோ அவ்வளவு திரும்பக் கொடு' என்பதை அளவுகோலாக வைத்தால், அதே கோலை நாளைக்கு அடையாறு மண்டலம் தண்டையார்பேட்டை மண்டலத்தின் மீது வைக்கும். 'எங்கள் தெருவில் வசூலாகும் சொத்து வரி எங்கள் தெருவுக்கே' என்பார்கள். அப்போது நாம் என்ன பதில் சொல்வது? அந்த நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்க வைத்த மதிப்பெண்களில் 45 விழுக்காடு, யார் வருமானத்தில் எவ்வளவு பின்னால் இருக்கிறார்கள் என்பதற்கு. தமிழ்நாட்டுக்கு அதனால்தான் நட்டம், பங்கு 4.079 விழுக்காடாக நின்றது, மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஆறு விழுக்காடு இருந்தும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஊருக்குள் வந்தால் அந்தப் பின்னால் இருப்பவர் கொருக்குப்பேட்டைக்காரர். டெல்லியிடம் ஒரு நியாயமும் ரிப்பன் மாளிகையில் ஒரு நியாயமும் வைத்திருக்க முடியாது. கொடுத்ததை வைத்துப் பங்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது, ஊருக்காக யார் எதைச் சுமக்கிறார்கள் என்ற இரண்டையும் வைத்துக் கேட்கிறேன்.

சுமப்பது பற்றி. இதில் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. அண்ணா நகர்க் குப்பையும் அதில் அடக்கம். 300 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த மேட்டின் பக்கத்தில், மழை பெய்த மறுநாள் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இப்போது பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது, நல்லது. அதே இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப்போகிறோம் என்கிறீர்கள். வேண்டாம் என்று ஊர் நடந்து வந்து சொன்னது. அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். அந்த மின்சாரம் நகரம் முழுக்கப் போகிறது, சாம்பல் எங்கேயும் போகாமல் எண்ணூர்ப் பக்கமே தங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலை, படகு, இறால், கழுத்து நீளமான கூழைக்கடா எல்லாம் கறுப்பாகிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்தீர்கள். அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

என் தொழிலில் ஒரு செலவுக்குச் சீட்டு இல்லையென்றால் பேரேட்டில் ஏற்ற முடியாது. மூச்சுத்திணறலுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் வரிசையில் நின்று இழந்த அரை நாள் கூலிக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? இதை வரி என்று சட்டம் சொல்லாது, எனக்கும் தெரியும். ஆனால் பங்கு என்று பேச உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது?

வீட்டு வரியில் நீங்கள் செய்த ஒரு நல்லதையும் எழுத வேண்டும். 2022-ல் சொத்து வரியை ஏற்றியபோது பரப்பளவு பார்த்து ஏற்றினீர்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-ல் சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் போன்ற இடங்களுக்கு இதைவிடக் குறைவு. சிறிய வீட்டுக்குச் சிறிய ஏற்றம். எல்லோரும் திட்டினார்கள், நான் மட்டும் இது சரியான திசை என்று வாதாடி வீட்டில் கெட்ட பெயர் வாங்கினேன். 1998-க்குப் பிறகு 24 ஆண்டுகள் பெரிதாக ஏற்றாமல் விட்டதே, பெரிய பங்களாக்காரர்களுக்கு ஊர் கொடுத்த சத்தமில்லாத மானியம் என்றுகூட வாதாடினேன்.

என்ன, என் வீடு 590 சதுர அடி. கொருக்குப்பேட்டையில் என் மச்சான் வீடு 612. எனக்கு 50, அவருக்கு 75. "பன்னிரண்டு சதுர அடிக்காக இவ்வளவா? ஒரு சுவரை இடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். கோடு என்று ஒன்று போட்டால் யாராவது அதன் மேல் நிற்கத்தான் செய்வார்கள் என்று சொன்னேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் அந்தத் திசையை 2024-ல் நீங்களே விட்டுவிட்டீர்கள். அந்த ஆண்டு ஒரே அடியாக எல்லோருக்கும் 6 விழுக்காடு. 600 சதுர அடிக்கும் 6, 6,000 சதுர அடிக்கும் 6. மண்டலம் மண்டலமாக, அளவு அளவாகப் பார்த்த கண் இரண்டே ஆண்டில் மங்கிவிட்டது. வீட்டுக்காரர் அந்த ஆறை வாடகையில் ஏற்றுவார். எங்கள் தெருவில் வாடகை ஏறும்போது சொல்லப்படும் முதல் காரணமே 'வரி ஏத்திட்டாங்கம்மா' என்பதுதான். ஏறுவது பெரும்பாலும் வரியைவிட ரொம்ப அதிகம், அது வேறு கதை.

சுவர் என்றதும் இன்னொன்று. நீங்கள் கூடும் ரிப்பன் மாளிகைக்கும் வால்டாக்ஸ் ரோட்டுக்கும் நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் 'டாக்ஸ்' நம் தாத்தாக்களுக்கும் தாத்தாக்கள் பெயரில் எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் குதிரைப்படையும் வந்து மிரட்டிய பிறகு, இன்றைக்கு ஜார்ஜ் டவுன் என்கிற கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். மிச்சத் துண்டு ஒன்று மாடிப் பூங்காவாக இன்னும் நிற்கிறது. மதிலுக்கான செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். அப்படி வாங்க அதிகாரம் உண்டா என்று கேள்வி எழுந்து, வசூலிக்காமலே போய்விட்டது என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வரி போனது, ரோட்டுக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கம்பெனியே கொஞ்சம் யோசித்த இடம் அது.

உங்கள் மன்றம் பிறந்த கதையும் வரியில்தான் தொடங்குகிறது. 1688 செப்டம்பர் 29-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. அதற்குச் சாசனம் வாங்கித்தந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு லண்டனில் இருந்து போட்ட கணக்கு இது: நாம் அதிகாரத்தால் விதிக்கிற ஆறு பென்னியைக் கொடுக்க முனகுகிற மக்கள், தாங்களே கூடித் தங்களுக்கு விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கைக்கூட மனமுவந்து கொடுப்பார்கள். வியாபாரி மூளை, சந்தேகமில்லை. ஆனாலும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நீங்கள் அந்த நாற்காலிகளில் இருப்பதற்கு அதுதான் காரணம். எங்களுக்காக எங்களில் ஒருவராக உட்கார்ந்து வரி விதிக்கிறீர்கள். 2024 ஜூலையில் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியபோது வட சென்னை வார்டுகளின் உறுப்பினர்களும் அந்த அரங்கில் இருந்தவர்கள்தானே. எங்களுக்காக யார் என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பெரிய பட்டியல் இல்லை.

தொழில் வரியில் அரையாண்டுக்கு 60,000 வரை உள்ள மூன்று ஸ்லாப்புகளையும் அடியோடு விலக்குங்கள் என்று மாநில அரசிடம் தீர்மானமாகக் கேளுங்கள். இப்போதைய விலக்கு 21,000, அதாவது மாதம் 3,500 ரூபாய். சென்னையில் முழுநேர வேலைக்கு அந்தச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், அவருடைய கணக்கை நான் இலவசமாக எழுதுகிறேன். அடியோடு முடியாது என்றால் பழைய 135, 315, 690-க்காவது திரும்புங்கள். இதனால் விழும் துண்டை எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அந்தக் கூரை. 276-ஆம் பிரிவின் உச்சவரம்பை உயர்த்தச் சொல்லி நாட்டின் மாநகராட்சிகளில் மிகப் பழையதான நீங்கள் முதல் தீர்மானம் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். என் அக்கா மகன் திட்டுவான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்து, பட்ஜெட் தாக்கல் செய்யும் நாளில் எல்லா மண்டலங்களுக்கும் தனித்தனியாக இரண்டு பத்தி வெளியிடுங்கள்: இங்கே என்ன வசூலானது, இங்கே என்ன செலவானது. மூன்றாவதாக ஒரு பத்தி, ஊருக்காக இந்த மண்டலம் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறது: எத்தனை டன் குப்பை, எத்தனை லாரி. வசூலில் நாங்கள் கீழே இருப்போம், தெரியும். மூன்றாவது பத்தியில் எங்கே இருப்போம் என்பதையும் ஊர் பார்க்கட்டும். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 4,181 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், மருத்துவமனை என்று வேலைகள் நடப்பதைத் தினமும் பார்க்கிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் பேனர்களில் அதை எங்களுக்குக் கிடைத்த பரிசுபோல எழுதுகிறார்கள். அந்த மூன்றாவது பத்தி அச்சாகி வந்துவிட்டால் அதற்கு வேறு சொல் போட வேண்டியிருக்கும். என் தொழிலில் அதைப் பழைய நிலுவை என்போம்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைத்தால் வருகிறேன். காஜா அக்காவையும் கேட்டேன். "அரை நாள் கூலி போயிடும்ண்ணே, நீங்களே போய்ட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவன்,
பழைய வண்ணாரப்பேட்டை

பி.கு.: மச்சான் சுவரை இடிக்கவில்லை. மறு அளவீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறார். திண்ணையைச் சேர்த்து அளந்துவிட்டார்களாம்.